சோக்கை எடுத்தால் நின்றுவிடும் வண்டி

குளிர்காலம் முழுக்கச் சும்மா நின்ற பழைய மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கிறோம். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் முனகிவிட்டு உயிர் வந்துவிடுகிறது. ரேஸ் கொடுத்தால் நன்றாகவே உறுமுகிறது. சரி, பிழைத்தோம் என்று சோக்கை உள்ளே தள்ளுகிறோம். பட், பட் என்று இரண்டு இருமல், அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி ஸ்டார்ட், மறுபடி அதே கதை. ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடும். சிக்னலில் கையை விட்டால் நின்றுவிடும். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் என்றாவது ஒருநாள் இதைப் பார்த்திருப்பார்கள்.

இந்த இடத்தில் பலருக்கும் கை நேராக ஸ்க்ரூ டிரைவருக்குத்தான் போகும். ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை) ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றுவது, ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்புவது, சரியாகவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் திருப்புவது. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்தக் கையைப் பிடித்து நிறுத்தத்தான். குளிருக்கு முன் நிறுத்தியபோது வண்டி ஐடிலிங்கில் ஒழுங்காக ஓடியதல்லவா? அப்படியென்றால் ஸ்க்ரூ அன்றைக்குச் சரியான இடத்தில்தான் இருந்தது. மூடி வைத்த வண்டியில் ஸ்க்ரூ தானாகத் திரும்பாது. நின்ற நிலையிலேயே மாறக்கூடியவை எவை என்று யோசித்தால் சந்தேகத்துக்குரியவை மளமளவென்று குறைந்துவிடும். பெட்ரோல் கெடும். ஈரம் சேரும். ரப்பர் விறைத்து வெடிக்கும். பேட்டரி இறங்கும். எலியோ பூச்சியோ உள்ளே குடிபோகும். இவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். அதற்குள் ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டால், ஒரு கோளாறோடு வந்த வண்டிக்கு இரண்டாவது கோளாறையும் சேர்த்துவிடுகிறோம். நாளைக்கு முதல் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாலும் வண்டி சரியாக ஓடாது. ஏன் என்றும் புரியாது.

ரேஸ் கொடுத்தால் ஓடுகிற வண்டி ஐடிலிங்கில் மட்டும் ஏன் நிற்கிறது? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் வழி ஒன்றல்ல. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால், காற்று போகும் வழியின் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் பெரிய துளையான மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோலை மேலே இழுக்கிற அளவுக்கு அங்கே காற்று ஓடுவதில்லை. அதனால் ஐடிலிங்குக்கென்றே தனியாக ஒரு சின்ன வழி வைத்திருக்கிறார்கள். கார்புரேட்டரின் அடியில் கொஞ்சம் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரிலிருந்து, ஸ்லோ ஜெட் என்ற சின்னத் துளையிட்ட பித்தளைத் துண்டின் வழியாகப் பெட்ரோல் ஏறி, கொஞ்சம் காற்றோடு கலந்து, த்ராட்டிலுக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ஓர் ஊசித்துளையில் வெளியே வருகிறது. ஸ்லோ ஜெட்டைச் சிலர் பைலட் ஜெட் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

ஸ்லோ ஜெட்டின் துளை எவ்வளவு சின்னது என்பதில்தான் முழுக்கதையும் இருக்கிறது. கெய்ஹின் என்ற ஜப்பானியத் தயாரிப்பாளரின் கார்புரேட்டரில் உள்ள ஸ்லோ ஜெட்டில் 38 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 0.38 மி.மீ. அதே கார்புரேட்டரின் மெயின் ஜெட் 110 என்றால் ஏறக்குறைய 1.1 மி.மீ. இப்போது இரண்டின் உட்சுவரிலும் 0.05 மி.மீ. கனத்துக்குப் பிசின் படிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அது தலைமுடியின் கனத்தைவிடவும் குறைவு. மெயின் ஜெட்டின் விட்டம் 1.1-லிருந்து 1.0 ஆகிறது, பரப்பில் ஆறில் ஒரு பங்குதான் போகிறது. வண்டி கொஞ்சம் மந்தமாக ஓடும், அவ்வளவுதான். ஸ்லோ ஜெட்டின் விட்டமோ 0.38-லிருந்து 0.28-க்கு இறங்குகிறது. பரப்பில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. பாதிப் பெட்ரோலில் எந்த எஞ்சினும் ஐடிலிங்கில் ஓடாது. நெடுஞ்சாலையில் பிரமாதமாக ஓடிய வண்டி வீட்டு வாசலில் நின்றுபோவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

பிசின் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் என்பது ஒரே திரவம் இல்லை. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்த கலவை. அதில் பியூட்டேன், பென்டேன் மாதிரி லேசான பகுதிகள்தான் குளிரில் எஞ்சினைச் சட்டென்று பற்ற வைப்பவை. முதலில் ஆவியாகிப் போவதும் அவைதான். டேங்க்கில் பல லிட்டர் இருப்பதால் அங்கே மெதுவாகவே கெடுகிறது. ஃப்ளோட் சேம்பரில் இருப்பதோ கையளவு. அதற்கு மேலே காற்றுத் துவாரம் வேறு எப்போதும் திறந்தே இருக்கிறது. லேசானது போனபின் மிஞ்சுகிற கனமான பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகிறது. பெட்ரோல் மட்டம் இறங்க இறங்க, கடைசியில் அந்தப் பிசின் ஒட்டிக்கொள்ளும் இடம் சேம்பரின் அடியும் அங்கே மூழ்கி நிற்கும் ஸ்லோ ஜெட்டும்தான்.

எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். பத்து சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல், 15 டிகிரி செல்சியஸ் வாக்கில், ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீரைக் கரைத்து வைத்திருக்க முடியும். பத்து லிட்டருக்கு 50 மில்லி. குளிரக் குளிர அந்தக் கொள்ளளவு குறைகிறது. எல்லையைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். டேங்க்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் எடுப்பது அடியிலிருந்துதான். காற்றின் ஈரம் மட்டுமே இந்த அளவுக்குக் கொண்டுபோவது அபூர்வம். டேங்க் மூடியின் ரப்பர் காய்ந்து மழைநீர் கசிந்த வண்டிகளிலும், கால்வாசி டேங்க்கோடு நிறுத்தி உள்சுவரில் நீர் வியர்த்த வண்டிகளிலும்தான் பெரும்பாலும் இது நடக்கும்.

அதனால் என் முதல் வேலை எப்போதும் ஒன்றுதான். ஒரு தெளிந்த கண்ணாடி ஜாடியை ஃப்ளோட் சேம்பருக்கு அடியில் பிடித்து வடிகால் ஸ்க்ரூவைத் திறப்பேன். என்னுடையது இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர் வண்டி. ஆகவே இரண்டு ஜாடி, இடது வலது கலக்காமல். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் நிறையத் தெரியும். நல்ல பெட்ரோல் வெளிறி, கூர்மையான நெடியோடு இருக்கும். கெட்டது பழுப்பு ஏறி, வார்னிஷ் வாடை அடிக்கும். ஜாடியைச் சாய்த்தால் அடியில் தனியாக உருள்கிற துளி இருந்தால் அது தண்ணீர். செம்மண் மாதிரி பொடி படிந்தால் டேங்க்கின் உள்ளே துரு பிடித்திருக்கிறது. அப்படியென்றால் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்து புண்ணியமில்லை, அது மறுபடி மறுபடி அடைக்கும். பச்சை பூத்த படிவு வந்தால் பித்தளை அரிக்கத் தொடங்கியிருக்கிறது. ஒருமுறை இடது ஜாடி பளிச்சென்றும் வலது ஜாடி கலங்கலாகவும் இருந்தது. எந்தப் பக்கத்தைக் கழற்ற வேண்டும் என்று அதற்குமேல் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எந்தப் பாகத்தையும் கழற்றாமல், எதன் அளவையும் மாற்றாமல், இவ்வளவு தகவல் தருகிற வேறு சோதனை எனக்குத் தெரியாது.

ஒரு சிலிண்டர் வண்டிக்காரர்களும் இதைச் செய்யலாம். வடிகால் ஸ்க்ரூ இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். அது பெரும்பாலும் மெல்லிய பித்தளை. தலை வழுக்கிவிட்டால் சேம்பரையே கழற்ற வேண்டிவரும்.

பழையதை முழுக்க எடுத்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது அடுத்த படி. மிச்சம் இருப்பதோடு புதியதைக் கலந்தால் போதாதா என்று கேட்பார்கள். டேங்க்கில் கொஞ்சமாக இருந்து நல்ல வாடை அடித்தால் போதும். வார்னிஷ் வாடை அடித்தால் போதாது. டேங்க்கில் ஊற்றுகிற கிளீனர் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: பாதி அடைத்த ஜெட்டை அது திறக்கும், நானே பார்த்திருக்கிறேன். முழுதாக அடைத்த ஜெட்டுக்கு அது ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அதன் வழியாகத் திரவமே ஓடுவதில்லை. அரை மணி ஓட்டியும் மாற்றம் இல்லையென்றால் இன்னொரு பாட்டில் வாங்குவது வீண்.

புதுப் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஆயிலை முகர்ந்து பாருங்கள், மட்டத்தையும் பாருங்கள். சேம்பர் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஃப்ளோட்டின் ஊசி சரியாக மூடாமல், டேப்பும் கசிந்திருந்தால், மாதக்கணக்கில் பெட்ரோல் சொட்டிச் சொட்டிச் சிலிண்டர் வழியே ஆயிலில் இறங்கியிருக்கும். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் நாறினால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக அழுத்தி, உள்ளே தேங்கியதை வெளியேற்றி, ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். இன்னொன்று, மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டு ஐடிலிங் பார்க்காதீர்கள். புகையிலுள்ள விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பேட்டரியையும் பிளக்கையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடலாம். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில், ஓய்வாக, 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ஏறக்குறையக் காலி. பேட்டரியால் காயிலுக்கு மின்சாரம் போகிற பழைய வண்டிகளில் ஐடிலிங் வேகத்தில், எஞ்சினால் சுழன்று மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் போதுமான மின்சாரம் தராது. அந்த நேரத்தில் ஸ்பார்க்கைத் தாங்குவது பேட்டரிதான். ரேஸ் கொடுத்தால் ஆல்டர்னேட்டர் கைகொடுக்கிறது, ஐடிலிங்கில் ஸ்பார்க் மங்கி நின்றுவிடுகிறது. கெட்டுப்போனது என்னவோ பேட்டரி. பார்க்கிறவர்களுக்கோ அச்சாகக் கார்புரேட்டர் கோளாறு போலவே தெரியும். பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் தரும் மேக்னட்டோவில் ஓடும் வண்டிகளுக்கு இந்தச் சந்தேகம் வேண்டாம். ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் வைத்த வண்டியென்றால் பாயிண்ட்டின் முகத்தில் ஈரத்தால் ஒரு மெல்லிய படலம் வந்திருக்கும். சுத்தமான தடித்த காகிதத்தை இடையில் வைத்து இழுத்தாலே பல நேரம் போய்விடும். பிளக்கைப் புதிதாகவே மாற்றிவிடுவது என் வழக்கம். பெட்ரோலில் நனைந்து கரி படிந்த பழைய பிளக்கைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தால், அடுத்து செய்கிற எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். கிழித்த பஞ்சும் காகிதமும் கொண்டு எலி கட்டிய கூட்டை நான் அங்கிருந்து எடுத்திருக்கிறேன். சைலன்சர் வாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சோக் இல்லாமல் ஓடவில்லையா? அந்தச் சோக் சொல்லும் செய்தியைக் கவனிக்க வேண்டிய நேரம் இது. சோக் செய்வது ஒன்றே ஒன்று: மிக்சரில், அதாவது எஞ்சினுக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையில், பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சோக் பாதி இழுத்தால்தான் ஓடுகிறது என்றால், மிக்சரில் பெட்ரோல் குறைகிறது, அல்லது காற்று கூடுகிறது. மாறாக, சோக்கை இழுத்தவுடன் இன்னும் மோசமாகி, பிளக் கரியாகக் கறுத்து, சைலன்சரில் கரும்புகை வந்தால் விஷயம் நேரெதிர். பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டதா, சோக்கின் பிளஞ்சர் முழுக்க இறங்கவில்லையா என்று பார்க்க வேண்டும். எஞ்சினின் உறிஞ்சும் விசையால் திறக்கிற வேக்கம் டேப் உள்ள வண்டிகளில் அந்த மெல்லிய வேக்கம் குழாயை உருவிப் பாருங்கள். அதற்குள் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இருக்கக் கூடாது. இருந்தால் டேப்புக்குள் இருக்கிற மெல்லிய ரப்பர் படலமான டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. பெட்ரோல் நேராக எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

பெட்ரோல் குறைகிறதா, காற்று கூடுகிறதா என்று பிரிப்பதுதான் சுவாரசியமான வேலை. கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கிற ரப்பர் வருடக்கணக்கில் சூட்டிலும் குளிரிலும் காய்ந்து வெடித்திருக்கும். வெளியே பார்த்தால் மேலோட்டமான கீறல். வளைத்துப் பார்த்தால்தான் உள்ளே வரை போயிருப்பது தெரியும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடிக்கிற மாதிரிதான், எவ்வளவு இழுத்தாலும் காற்றுதான் வரும். ஐடிலிங்கில் அந்தப் பகுதியில் உறிஞ்சும் விசை மிக அதிகம், போகும் காற்றின் மொத்த அளவோ கொஞ்சம். அதனால் ஒரு சின்ன விரிசலும் பெரிய வித்தியாசம் செய்யும். ரேஸ் கொடுக்கும்போது அதே விரிசல் கணக்கிலேயே வராது.

இதற்குப் பலர் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை ஓடும் எஞ்சினின் ரப்பர் மேல் அடித்துப் பார்ப்பார்கள். அது தீப்பிடிக்கிற பொருள், பக்கத்திலேயே சூடான சைலன்சர். எனக்கு அதில் உடன்பாடில்லை. செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில் போதும். இணைப்பைச் சுற்றி மென்மையாகத் தெளிக்கும்போது எஞ்சினின் சத்தம் மாறினால் அந்த இடத்தில் காற்று இழுக்கிறது. இன்னொரு அடையாளமும் உண்டு. ஆக்சிலரேட்டரை முறுக்கிச் சட்டென்று விட்டால் ஆர்.பி.எம். உடனே இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டிருந்து, பிறகு மெல்ல இறங்கும். ஐடிலிங்கும் ஒரு நேரம் போல இன்னொரு நேரம் இருக்காது. எஞ்சின் சூடாக ஆக ரப்பர் விரிந்து சுருங்கி அளவு மாறிக்கொண்டே இருக்கும். அடைத்த ஜெட் இப்படி மனம் மாறாது. காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி மோசமாகவே இருக்கும்.

இரண்டு, நான்கு சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொரு எக்சாஸ்ட் குழாயின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுரீரென்று ஆவியாகும் குழாய் வேலை செய்கிற சிலிண்டருடையது. தண்ணீர் அப்படியே வழிந்தால் அந்தச் சிலிண்டர் ஐடிலிங்கில் சும்மா இருக்கிறது. பிளக்குகளை இடம் மாற்றிப் போடுங்கள். குளிர்ச்சி பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் பிளக். மாறவில்லையென்றால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கார்புரேட்டர்.

சரி, கார்புரேட்டரைக் கழற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஜப்பானிய வண்டி என்றால் முதலில் ஸ்க்ரூ டிரைவரைச் சரிபாருங்கள். பார்வைக்கு ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்ற வேறு தரம். சாதாரண ஸ்டார் முனை அதில் முழுதாக உட்காராது. திருப்பும்போது எகிறித் தலையை வழுக்கிவிடும். சேம்பர் ஸ்க்ரூ நான்கும் வழுக்கிப்போன கார்புரேட்டரைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் சரியான முனை இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

சேம்பரைத் திறந்தவுடன் நடுவில் உயரமாக மெயின் ஜெட் தெரியும். ஸ்லோ ஜெட் பக்கத்தில் ஒரு குழிக்குள் ஒளிந்திருக்கும். அந்தக் குழிக்குச் சரியாகப் பொருந்துகிற, தட்டையான, அகலம் குறைந்த முனை வேண்டும். வெளியே எடுத்துத் துடைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பாருங்கள். நல்ல ஜெட்டில் வெளிச்சம் ஒரு கூர்மையான வட்டப் புள்ளியாகத் தெரியும். பிசின் படிந்ததில் அந்த வட்டம் கோணலாக, ஓரம் மங்கி, தேன் நிறத்தில் தெரியும். சில நேரம் வெளிச்சமே தெரியாது. மெயின் ஜெட்டையும் இதேபோல் பார்த்தால் அது அநேகமாகத் திறந்தே இருக்கும். இத்தனை நாள் காதால் கேட்ட கோளாறை முதன்முறையாகக் கண்ணால் பார்க்கிற அந்த நொடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊசியளவு பித்தளை, நடுவில் அழுக்கு. எடுத்துவிட்டால் வண்டி பிழைத்துவிடும். பழைய வண்டிகளின் மேல் எனக்கு இத்தனை பிரியம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோளாறு எங்கே என்பதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க முடிகிறது.

அந்தத் துளைக்குள் எஃகுக் கம்பியை விடாதீர்கள். பித்தளை மென்மையானது. அடைப்பு போகும், கூடவே துளையும் பெரிதாகும், அதற்குப் பிறகு 38 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை. கிளீனரில் ஊறவைத்து, கம்ப்ரஸ்ட் ஏர் அடித்து, பிறகும் போகவில்லையென்றால் மின்வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையை மெதுவாக விடலாம். அல்ட்ராசானிக் தொட்டி கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கடையில் கிடைக்கிற மலிவான ரிப்பேர் கிட்டில் வரும் ஜெட்டைவிட, சுத்தம் செய்த பழைய அசல் ஜெட்டையே நான் நம்புவேன். கிட்டிலிருந்து, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் ஓ ரிங்கும் எடுத்துக்கொண்டால் போதும்.

ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு அதோடு மூடிவிடுகிறவர்கள் உண்டு. பெட்ரோல் ஜெட்டைத் தாண்டியும் போக வேண்டிய வழி நீளமானது. பட்டாம்பூச்சி என்று சொல்லும் த்ராட்டில் தகட்டின் ஓரத்துக்கு நேராகக் கார்புரேட்டர் குழாயின் சுவரில் வரிசையாக இரண்டு மூன்று ஊசித்துளைகள் இருக்கும். ஐடிலிங்கிலிருந்து ஓட்டத்துக்கு மாறும்போது பெட்ரோல் தருபவை அவை. ஐடிலிங்கில் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவின் (முதலில் ஏர் ஸ்க்ரூ என்று சொன்னது இதைத்தான்) குழியில் கிளீனரை அடித்தால் அந்தத் துளைகளிலும் ஐடிலிங் துளையிலும் நூல் நூலாக வெளியே பீறிட வேண்டும். எல்லாவற்றிலும் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், எதிர்பாராத துளையிலிருந்து அது நேராக முகத்துக்கு வரும். வேக்கம் பிஸ்டன் வகைக் கார்புரேட்டர் என்றால் மேலே இருக்கிற ரப்பர் டயஃப்ரத்தை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். கிளீனர் பட்டால் அது ஊதிப்போய்த் திரும்ப உட்காரவே உட்காராது.

மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பு ஒரு கணக்கு. மெதுவாக உள்பக்கம் திருப்பி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இறுக்கினால் அதன் ஊசிமுனை ஒடிந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே எடுக்கும்போது ஸ்பிரிங், சின்ன வாஷர், ஓ ரிங் மூன்றும் அந்த வரிசையில் வரும். ஓ ரிங் பெரும்பாலும் குழியின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மறந்து கிளீனர் அடித்தால் அது கெட்டு, அங்கேயும் காற்று இழுக்க ஆரம்பிக்கும். ஸ்க்ரூவே கண்ணில் படவில்லையா? அமெரிக்காவில் 1978 மாடல் ஆண்டிலிருந்து மோட்டார் சைக்கிள்களுக்குப் புகைக் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு வந்த பல வண்டிகளில் இந்த ஸ்க்ரூவை யாரும் தொடக்கூடாது என்று மேலே ஒரு மூடி அடித்து மறைத்திருப்பார்கள்.

எல்லாம் மாட்டியபின், எழுதி வைத்த அதே எண்ணிக்கைக்கு ஸ்க்ரூவைத் திருப்பி வைத்து ஓட்டிப் பார்த்தால், பத்தில் எட்டு முறை அங்கேயே வேலை முடிந்துவிடும். முடியவில்லையென்றால் இப்போதுதான் ஸ்க்ரூ டிரைவருக்கு உண்மையான வேலை. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிவிட்டு வந்து, மிக்சர் ஸ்க்ரூ கார்புரேட்டரின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலை அளக்கிறது, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றை அளக்கிறது, வெளியே திருப்பினால் பெட்ரோலின் பங்கு குறையும். கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் எந்த இடத்தில் அதிக வேகத்தில், சீராக ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். அப்புறம் ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு, பல வண்டிகளில் 1,200 ஆர்.பி.எம். வாக்கில், கொண்டுவாருங்கள். மிக்சரைத் தேடாமல் ஐடிலிங்கை மட்டும் ஏற்றிவிட்டால் வண்டி நிற்காதுதான். ஆனால் த்ராட்டில் கூடுதலாகத் திறந்து, அடுத்த வழியிலிருந்து பெட்ரோலைக் கடன் வாங்கி ஓடுகிறது. கியர் போடும்போது டங்கென்று அடிக்கும், ஸ்லோ ஜெட் அடைத்தது அடைத்தபடியே இருக்கும். இரண்டு கார்புரேட்டர்களை, உறிஞ்சும் விசையை அளக்கும் வேக்கம் கேஜ் வைத்து ஒன்றுக்கொன்று சமப்படுத்துவது இதற்கெல்லாம் பிறகுதான். அடைத்த ஜெட்டோடு சமப்படுத்தினால் அந்தக் கோளாறுக்குத் தக்கபடிதான் சமமாகும்.

இவ்வளவு செய்தும் பிடிவாதம் பிடித்தால் கம்ப்ரஷன் பாருங்கள், அதாவது சிலிண்டருக்குள் கலவை கசியாமல் அழுந்துகிறதா என்று. எஞ்சின் நின்ற நிலையில் ஏதாவது ஒரு வால்வு திறந்தே இருந்திருக்கலாம். சைலன்சர் வழியே வந்த ஈரம் அதன் இருக்கையில் துருப்புள்ளி வைத்திருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினாலே அது பெரும்பாலும் தேய்ந்து சரியாகிவிடும். வால்வுக்கு விட்டிருக்கும் டேப்பட் இடைவெளி, வண்டியை நிறுத்தி வைத்ததால் மாறுவதில்லை. ஆனால் முன்பே இறுகியிருந்த டேப்பட்டை, குளிருக்கு முன் நாம் கவனிக்காமல் விட்டிருக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்த குளிருக்கு என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி உண்டு. சேம்பரை வடித்துக் காலியாக விட்டால் கேஸ்கெட்டும் ஓ ரிங்கும் காய்ந்து சுருங்கும் என்பார்கள் சிலர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சுருங்கிய கேஸ்கெட் சொட்டினால் கண்ணுக்குத் தெரியும், மாற்றுவதும் எளிது. ஸ்லோ ஜெட்டில் படியும் பிசின் வசந்தத்தில்தான் தெரியும். நான் வடிக்கிற கட்சி. டேங்க்கைப் புதுப் பெட்ரோலால் கழுத்து வரை நிரப்பி, பெட்ரோல் கெடுவதைத் தாமதப்படுத்தும் ஸ்டெபிலைசர் கலந்து, பத்து நிமிடம் ஓட்டி, டேப்பை மூடி, சேம்பரை வடிகால் ஸ்க்ரூ வழியாகவே வடித்துவிடுவேன். டேப்பை மூடி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவது மட்டும் போதாது. அடியில் ஜெட் உறிஞ்ச முடியாத கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும், பிசினாவதும் அந்த மிச்சம்தான். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் விடுவேன். சார்ஜ் இறங்கிய பேட்டரி கடுங்குளிரில் உறைந்து வெடிக்கும், முழுச் சார்ஜில் இருப்பதற்கு அந்தப் பயம் கிடையாது. வடித்த பெட்ரோலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், மூடியுள்ள கேனில் சேர்த்து, அபாயக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.